லீவு முடிந்து திரும்பும் நாள்: பிள்ளையின் பள்ளி வருகையைச் சரிசெய்வது எப்படி

பிள்ளை பள்ளிக்குப் போகாத நாளைப் பற்றித்தான் வீட்டில் எல்லோரும் பேசுகிறோம். ஏன் போகவில்லை, காய்ச்சல் எவ்வளவு, லெட்டர் கொடுத்தாச்சா, டீச்சர் என்ன சொன்னார். அவன் திரும்பிப் போகிற நாளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இருபது வருஷத்துக்கு மேல் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை பாடம் எடுத்தவன், தினமும் காலையில் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு பிள்ளையின் வருகை கெட்டுப்போவது பெரும்பாலும் திரும்பி வந்த அந்த முதல் நாளில்தான். வந்து உட்கார்கிறான், போர்டில் இருப்பது புரியவில்லை, பக்கத்தில் கேட்கக் கூச்சம், மதியம் டெஸ்ட் என்பதே அவனுக்கு அப்போதுதான் தெரிகிறது. அன்றைக்கு ராத்திரி, நாளைக்கும் போகாமல் இருந்தால் என்ன என்று தோன்றிவிடுகிறது. இரண்டாவது லீவு அங்கேதான் பிறக்கிறது, அதற்குக் காய்ச்சல் தேவையில்லை.

அதனால் இதைப் படிக்கிற அம்மா அப்பாக்களுக்கு, எங்கே ஆரம்பிப்பது, எதை விட்டுவிடலாம், எதை விடவே கூடாது என்று எனக்குத் தெரிந்த வரிசையில் சொல்கிறேன்.

முதலில் நாட்களை எண்ணுங்கள்

சதவீதத்தை நம்பாதீர்கள். வருகை 90 சதவீதம் என்று ரிப்போர்ட்டில் பார்த்தால் பரீட்சை மார்க் மாதிரி கண்ணில் படுகிறது, பரவாயில்லையே என்று மனசு சமாதானமாகிவிடுகிறது. 200 வேலை நாள் உள்ள ஒரு வருஷத்தில் 90 சதவீதம் என்றால் 20 நாள் போகவில்லை என்று அர்த்தம். வாரத்துக்கு ஐந்து நாள் கணக்கில் அது முழுசாக நான்கு வாரம். 75 சதவீதம் என்றால் 50 நாள், பத்து வாரம். பொதுத்தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும் என்று சிபிஎஸ்இ வைத்திருக்கிறதே, அது தேர்வு அறைக்குள் விடுவதற்கான கோடு. அந்தக் கோட்டைத் தொட்டுவிட்டோம் என்பதால் பத்து வாரப் பாடம் தலைக்குள் வந்துவிடாது. அமெரிக்காவிலும் சரி, இங்கிலாந்திலும் சரி, 10 சதவீதம் விடுபட்டாலே கவனிக்க வேண்டிய பிள்ளை என்று கணக்கில் எடுக்கிறார்கள், அதில் உடம்பு சரியில்லாமல் அனுமதியோடு எடுத்த லீவும் சேரும். அது நியாயம்தான், லீவு லெட்டர் இருக்கிறது என்பதற்காக யாரும் அந்த வகுப்பை மறுபடி நடத்தப் போவதில்லை.

ஒரு காலண்டரை எடுத்து, பள்ளி திறந்த நாளிலிருந்து பிள்ளை போகாத ஒவ்வொரு நாளையும் வட்டமிடுங்கள். நினைவிலிருந்து வேண்டாம், வகுப்பு ஆசிரியரிடம் கேட்டு வாங்கிய தேதிகளை வைத்து. நம் நினைவு இந்த விஷயத்தில் நம்மைக் கைவிட்டுவிடும். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் 28,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களை வைத்து ஓர் ஆய்வு நடந்து 2018-ல் வெளியானது. பிள்ளை இதுவரை எத்தனை நாள் வரவில்லை என்ற எண்ணிக்கையைக் கடிதமாக வீட்டுக்கு அனுப்பினார்கள், அவ்வளவுதான். அதற்கே தொடர்ந்து லீவு எடுக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை 10 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. பெற்றோர் அலட்சியமாக இருந்தார்கள் என்று சொல்ல முடியாது, தங்கள் பிள்ளை எடுத்த லீவைக் குறைவாகவே நினைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் அப்படித்தான்.

தாமதத்தையும் எண்ணுங்கள். தினம் பத்து நிமிஷம் லேட் என்றால் 200 நாளில் 2,000 நிமிஷம், 40 நிமிஷ பீரியட் கணக்கில் 50 பீரியட். அதுவும் எங்கிருந்து போகிறது? முழுக்க முழுக்க முதல் பீரியடிலிருந்து, அதுவும் இன்றைக்கு என்ன செய்யப் போகிறோம் என்று ஆசிரியர் சொல்கிற அந்த முதல் பத்து நிமிஷத்திலிருந்து. முதல் பீரியட் வாரத்தில் மூன்று நாள் கணக்கு என்றால், அந்தப் பிள்ளைக்குக் கணக்கு ஏன் வரவில்லை என்று வேறெங்கும் தேட வேண்டாம்.

இன்னொன்று, முதல் மாதத்தை விடாதீர்கள். அமெரிக்காவின் பால்டிமோர் நகரப் பள்ளிகளைப் பற்றி 2014-ல் வந்த ஓர் ஆய்வில், கல்வியாண்டின் முதல் மாதமான செப்டம்பரில் 2 முதல் 4 நாள் வராத பிள்ளைகளில் பாதிப் பேர் அந்த வருஷத்தில் மொத்தம் ஒரு மாதமோ அதற்கு மேலோ பள்ளியை இழந்திருந்தார்கள். ஆரம்பத்தில் மூன்று நாள்தானே என்று நாம் விடுவது அங்கே போய் நிற்கிறது.

வட்டங்கள் எங்கே விழுந்திருக்கின்றன?

எண்ணி முடித்ததும் காலண்டரைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பாருங்கள். சிதறிக் கிடந்தால் உடம்பு, வீட்டு விசேஷம், இப்படி ஏதாவது. ஒரே வரிசையில் மேலிருந்து கீழே விழுந்திருந்தால் காரணம் பள்ளிக்குள் இருக்கிறது.

எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்த ஒரு மாணவி. மார்க் நல்ல மார்க், அடக்கமான பிள்ளை, இரண்டு மாதத்தில் ஆறு நாள் ஆப்சென்ட். ஒவ்வொரு முறையும் தலைவலி, வயிற்றுவலி என்று அம்மா கையெழுத்துப் போட்ட லெட்டர். நானும் வாங்கி வைத்துக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் மாதக் கடைசியில் பதிவேட்டில் கூட்டல் போடும்போதுதான் பார்த்தேன், ஆறும் வியாழன். டைம்டேபிளை எடுத்து வியாழனில் மட்டும் என்ன இருக்கிறது என்று தேடினேன். இரண்டாவது பீரியடில் வரிசையாக ஒவ்வொருவராக எழுந்து பாடத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டும். அந்தப் பிள்ளைக்குச் சில எழுத்துகளில் நாக்கு சிக்கும், திக்கும். அவள் முறை வருவதற்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள், எந்தப் பத்தி தன் தலையில் விழும் என்று எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருப்பாளாம், அந்தப் பத்தியில் எந்த வார்த்தை தடுக்கும் என்று முன்கூட்டியே தேடுவாளாம். முதல் நாள் ராத்திரியே வயிறு நிஜமாகவே வலிக்க ஆரம்பித்துவிடும். பொய் வலி இல்லை அது. இதை அவள் என்னிடம் சொல்ல எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. அந்தப் பாட ஆசிரியரிடம் பேசினோம். முதல் நாளே அவளுக்கு எந்தப் பத்தி என்று சொல்லிவிடுவது, முதலில் ஆசிரியர்கள் அறையில் அவரிடம் மட்டும் வாசிப்பது, அப்புறம் ஒரு தோழியோடு சேர்ந்து வாசிப்பது, வகுப்பில் வாசிப்பது அவள் தயார் என்று சொன்ன பிறகு. வியாழக்கிழமை வட்டங்கள் நின்றுவிட்டன.

எல்லாம் இவ்வளவு சுலபமாகத் தெரிந்துவிடாது. ஆனால் எங்கே தேடுவது என்பதற்குச் சில குறிப்புகள் உண்டு. காலையில் வலி, பத்து மணிக்கு மேல் நன்றாக இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை ஒருபோதும் வலிப்பதில்லை என்றால், ஒரு முறை டாக்டரிடம் காட்டி உடம்பில் ஒன்றுமில்லை என்று உறுதி செய்துகொண்டு, பள்ளியைப் பற்றிப் பேச ஆரம்பியுங்கள். கிறிஸ்டோபர் கியர்னி என்ற அமெரிக்க உளவியலாளர் பள்ளிக்குப் போக மறுக்கும் பிள்ளைகளின் காரணங்களை நான்காகப் பிரிக்கிறார்: பள்ளியில் இருக்கும்போது வரும் பதற்றம், துக்கம் போன்ற உணர்ச்சிகளிலிருந்து தப்பிக்க, மற்றவர்கள் முன் நிற்கும், மதிப்பிடப்படும் சூழலிலிருந்து தப்பிக்க, வீட்டில் பெற்றோரின் கவனம் கிடைக்க, வெளியே பள்ளியைவிடச் சுவாரஸ்யமாக ஏதாவது கிடைக்க. மேல்பார்வைக்கு நான்கும் ஒரே மாதிரிதான் தெரியும், போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்திருக்கும் பிள்ளை. ஆனால் மருந்து வேறு வேறு. முதல் இரண்டு வகைக்குத் திட்டினால் பயம் கூடும். நான்காவது வகைக்கு, வீட்டில் இருக்கிற பள்ளி நாளைச் சுவாரஸ்யமில்லாததாக ஆக்க வேண்டும்: வழக்கமான நேரத்துக்கு எழுப்புங்கள், பள்ளி விடும் நேரம் வரை போன் கிடையாது, கோபமும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் மாதவிடாய் நாட்களைக் காலண்டரோடு ஒத்துப் பாருங்கள். மாதா மாதம் இரண்டு நாள் என்றால் வருஷத்துக்கு இருபது நாள் ஆகிவிடுகிறது, தாங்க முடியாத வலி என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டிய விஷயம், பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டிய விஷயம் அல்ல. பள்ளியில் கழிப்பறை சரியில்லை என்பது காரணமாக இருந்தால் அதை வெட்கப்படாமல் தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள், நான்கு அம்மாக்கள் சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது. கண் பார்வையையும் சோதித்துவிடுங்கள். போர்டு தெரியாத பிள்ளை சலிப்பாக இருக்கிறது என்றுதான் சொல்லும், தெரியவில்லை என்று சொல்லாது, ஏனென்றால் மற்றவர்களுக்கு எப்படித் தெரிகிறது என்பது அதற்குத் தெரியாது.

தூக்கம். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்று தூக்க மருத்துவர்கள் சொல்கிறார்கள். இந்த வயதில் உடம்புக் கடிகாரமே பின்னால் தள்ளிப் போகிறது, ராத்திரி பத்து மணிக்கு அவனுக்குத் தூக்கம் வராதது திமிர் இல்லை. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பள்ளி தொடங்கும் நேரத்தைக் காலை 7:50-லிருந்து 8:45-க்கு மாற்றியபோது பிள்ளைகள் சராசரியாக 34 நிமிஷம் கூடுதலாகத் தூங்கினார்கள். பள்ளி நேரத்தை நாம் மாற்ற முடியாது, போன் ராத்திரி எந்த அறையில் இருக்கிறது என்பதை மாற்ற முடியும்.

திரும்பிப் போவதற்கு முந்தின நாள் மாலை

இதுதான் முக்கியமான இடம், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பிள்ளை நாளைக்குப் போகிறது என்று முடிவானதும் வகுப்புத் தோழன் ஒருவனுக்குப் போன் போடச் சொல்லுங்கள். நீங்கள் பேசாதீர்கள், அவன்தான் பேச வேண்டும். மூன்று கேள்வி. எந்தெந்தப் பாடம் எது வரை போயிருக்கிறது? நாளைக்கு டெஸ்ட், கொடுக்க வேண்டிய வேலை ஏதாவது உண்டா? வகுப்பில் ஏதாவது மாறியிருக்கிறதா? மூன்றாவது கேள்வியைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஒரு வாரம் கழித்து வந்த பையன் ஒருவன் பையோடு வகுப்பு வாசலில் நின்றதை இன்னும் மறக்க முடியவில்லை. அதற்குள் இடம் மாற்றி உட்கார வைத்திருந்தோம், அவன் இடத்தில் வேறொருவன். அவன் உள்ளே வரவும் இல்லை, கேட்கவும் இல்லை, பையைத் தோளில் இறுக்கிப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தான். இடம் மாறியது, லேப் குழு பிரித்தது, டைம்டேபிள் திருத்தியது, இதெல்லாம் பெரியவர்களுக்கு ஒன்றுமே இல்லை. பதின்மூன்று வயதில் அதுதான் எல்லாம்.

அப்புறம் நீங்கள் வகுப்பு ஆசிரியருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். நீளமாக வேண்டாம். "நாளை வருகிறாள். ஆறு நாள் பாடம் விட்டுப்போயிருக்கிறது. இரண்டு நாளைக்கு எல்லோர் முன்னாலும் கேள்வி கேட்காமல் இருந்தால் உதவியாக இருக்கும். எந்தப் பாடத்தை முதலில் பிடிக்க வேண்டும் என்று சொல்ல முடியுமா?" இப்படி ஒரு செய்தி வந்தால் எந்த ஆசிரியருக்கும் சங்கடம் கிடையாது, எனக்கு வந்த நாட்களில் நிம்மதியாகவே இருந்தது, என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிடுகிறதே.

மூன்று நான்கு வாரம் போகாத பிள்ளை என்றால், அதிலும் பயத்தால் போகாத பிள்ளை என்றால், ஒரே நாளில் முழுசாகத் தள்ளாதீர்கள். பள்ளியோடு பேசி, முதல் இரண்டு நாள் அவனுக்குப் பிடித்த பீரியட்கள் மட்டும், அடுத்து அரை நாள், அதற்கப்புறம் முழு நாள் என்று ஏற்பாடு செய்யலாம். ஆனால் எந்தத் தேதியில் முழு நாள் என்பதை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அரை நாளே பழகிவிடும்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் "என்ன நடத்தினாங்க" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும். "எந்த பீரியட்ல ரொம்ப முழிச்சே?" என்று கேட்டுப் பாருங்கள். அந்த பீரியடிலிருந்து ஆரம்பிக்கலாம்.

விட்டுப்போன பாடத்தைப் பிடிப்பது

பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான்: நல்லாப் படிக்கிற பிள்ளையின் நோட்டை வாங்கி, சனி ஞாயிறு முழுக்க உட்கார்ந்து, அழகான கையெழுத்தில் அத்தனையும் எழுதி முடிப்பது. நோட்டு நிறைந்துவிடுகிறது, எல்லோருக்கும் திருப்தி. பாடம் மட்டும் ஏறவில்லை. ஏனென்று ஓர் உதாரணம் காட்டுகிறேன். வர்க்கச் சமன்பாட்டைக் காரணிப்படுத்தும் கணக்கு. தோழியின் நோட்டில் முதல் வரியில் சமன்பாடு, அடுத்த வரியில் ஓரமாக −3, 2 என்று இரண்டு எண், அதற்குக் கீழே விடை. லீவில் இருந்த பெண் மூன்று வரியையும் அப்படியே எழுதியிருந்தாள். இந்த −3-ம் 2-ம் எங்கிருந்து வந்தன என்று கேட்டேன், தெரியவில்லை. பெருக்கினால் −6 வர வேண்டும், கூட்டினால் −1 வர வேண்டும், அப்படிப்பட்ட இரண்டு எண்ணைத் தேடு என்று ஆசிரியர் வாயால் சொன்னது. 1-ம் 6-ம் சரிவராது, 2-ம் 3-ம் எடுத்தால் எதற்கு மைனஸ் போடுவது என்று வகுப்பே சேர்ந்து யோசித்தது. அதெல்லாம் யார் நோட்டிலும் இல்லை, காற்றோடு போய்விட்டது. விட்டுப்போனது அந்த ஐந்து நிமிஷப் பேச்சுதான்.

ஆகவே நோட்டை எழுதுவதற்கு முன்னால், நோட்டின் சொந்தக்காரரிடம் கால் மணி நேரம் வாங்குங்கள். அவள் வாயால் விளக்கட்டும், நம் பிள்ளை பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொள்ளட்டும். அதற்கப்புறம் எழுதினால் போதும், நேரமில்லையென்றால் போட்டோ எடுத்துக்கொண்டு எழுதாமலே விட்டாலும் குடிமுழுகிப் போகாது.

எதை முதலில்? ஒன்றின் மேல் ஒன்று நிற்கிற பாடங்களை முதலில். கணக்கு, இயற்பியல், வேதியியல், இலக்கணம். இவற்றில் நேற்றைய பாடம் இல்லாமல் இன்றைய பாடம் நிற்காது. வரலாற்றில் ஒரு அத்தியாயமோ ஒரு செய்யுளோ தனியாக நிற்கும், பரீட்சைக்கு முன்னால் படித்துக்கொள்ளலாம். தினமும் மாலையில் முதலில் இன்றைய வீட்டுப்பாடம், அதற்குப் பிறகுதான் பழைய பாக்கி. தலைகீழாகச் செய்தால் பாக்கியை அடைக்கிற வேகத்தில் புதுப் பாக்கி ஏறிக்கொண்டே இருக்கும். விட்டுப்போன ஒரு நாளுக்கு இரண்டு மாலை என்று கணக்கு வைத்துக்கொண்டால் ஐந்து நாள் லீவைப் பத்து நாளில் ஈடுகட்டிவிடலாம், பிள்ளையும் களைத்துப்போகாது.

படித்த பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, நினைவிலிருப்பதை ஒரு வெற்றுத் தாளில் எழுதச் சொல்லுங்கள். 2006-ல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிஷம் கழித்து 81 சதவீதம் நினைவில் வைத்திருந்தார்கள், ஒரு முறை வாசித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 75. ஆனால் ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. திரும்ப வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும், அந்தத் தெம்பு பரீட்சை வரை நிற்காது.

பரிசு, சர்டிபிகேட், சாதனை

ஒரு நாள்கூட லீவு எடுக்காத பிள்ளைக்கு மேடையில் பரிசு கொடுப்பதை நானும் பல வருஷம் ஆர்வமாகச் செய்தேன். இப்போது செய்வதில்லை. கலிஃபோர்னியாவில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை படிக்கும் 15,000-க்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். முன்பு ஒரு மாதம் முழு வருகை வைத்திருந்ததற்காக விருது கொடுத்தபோது, விருது வாங்கியவர்களின் வருகை அதற்குப் பிறகு குறைந்தது. எதிர்பார்ப்பதைவிட அதிகமாகவே செய்துவிட்டோம், ஒரு நாள் போகாவிட்டால் என்ன என்று பிள்ளைகள் எடுத்துக்கொண்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். அதோடு, முழு வருகைப் பரிசு ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு முதல் மாதத்திலேயே கைநழுவிவிடும், காய்ச்சலோடு வருகிற பிள்ளையைத் தட்டிக்கொடுக்கும். பாராட்ட வேண்டியது திரும்பி வந்ததை. போன பருவத்தில் 14 நாள் போகவில்லை, இந்தப் பருவத்தில் 3 நாள் என்றால் அது சாதனை, அதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், மேடை வேண்டாம்.

பள்ளிக்குப் போக ஒரு காரணம் இருக்கிற பிள்ளை மட்டம் போடாது. செஸ், பாட்டுக் குழு, கைப்பந்து, நூலகத்தில் புத்தகம் அடுக்குவது, எதுவாக இருந்தாலும் சரி, "நீ வரலைன்னா வேலை நடக்காது" என்று யாராவது ஒருவர் சொல்கிற இடம் ஒன்று வேண்டும். மார்க் குறைந்தால் முதலில் விளையாட்டை நிறுத்துகிற பெற்றோரிடம் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன், பல பிள்ளைகளைக் காலையில் படுக்கையிலிருந்து எழுப்புவது அது ஒன்றுதான்.

கடைசியாக ஒரு சாதனை நோட்டு போடச் சொல்லுங்கள். சர்டிபிகேட்டை ஃபைலில் செருகி வைப்பது வேறு, இது வேறு. ஒவ்வொரு விஷயத்துக்கும் நான்கு வரி: தேதி, என்ன நடந்தது, அதில் என் வேலை என்ன, இதற்கு முன் எனக்கு வராதது இப்போது என்ன வருகிறது. "அறிவியல் கண்காட்சியில் இரண்டாம் பரிசு" என்று மட்டும் எழுதினால் இரண்டு வருஷம் கழித்து அவனுக்கே ஒன்றும் நினைவிருக்காது. "நான்கு பேர் குழு, சுற்று இணைத்தது நான். முதலில் எல்.இ.டி. எரியவில்லை, முனைகளை மாற்றி இணைத்திருந்தேன், நானே கண்டுபிடித்துச் சரிசெய்தேன்" என்று இருந்தால், உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போதும் நேர்காணலில் உட்காரும்போதும் பேச விஷயம் இருக்கும். பரிந்துரைக் கடிதம் வேண்டுமென்றால் குறைந்தது மூன்று வாரம் முன்னால் கேட்டு, இந்த நோட்டின் நகலையும் ஆசிரியரிடம் கொடுங்கள். எங்களுக்கு நூறு பிள்ளைகள், நல்லவன் என்று நினைவிருக்கும், என்ன செய்தான் என்பது பல நேரம் இருக்காது.

பரிசு வாங்கியது மட்டும்தான் அதில் வர வேண்டும் என்றில்லை. அந்த வியாழக்கிழமைப் பெண் ஒன்பதாம் வகுப்புக்குப் போகும்போது தன் நோட்டை என்னிடம் காட்டினாள். ஓட்டப் பந்தயம், ஓவியப் போட்டி எல்லாம் இருந்தது. நடுவில் ஒரு பக்கத்தில் தேதி போட்டு ஒரே ஒரு வரி: "வியாழன், இரண்டாவது பீரியட். ஒரு பத்தி முழுசாக வாசித்தேன். இரண்டு இடத்தில் நின்றது, நிறுத்தவில்லை."